பெயர் வாசிக்கும் ஊர்

பியாவர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் மூக்கைத் தொட்டது எள் வாசனை. 2024 ஜனவரிக் கடைசி, நல்ல குளிர். எள்ளையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்து அப்பளத்தைவிட மெலிதாகத் தேய்த்த ‘தில்பட்டி’யைக் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருந்தார்கள். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ராஜஸ்தான்காரர்களுக்கு நாக்கில் வருவது தில்பட்டிதான் என்று அஜ்மீரிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் சொல்லியிருந்தார். நான் வந்தது வேறொன்றைத் தேடி. கால் கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சாங் கேட் எங்கே என்று கேட்டேன்.

பழைய ஊரைச் சுற்றி இருந்த மதிலின் வாசல்களில் ஒன்று அது. இப்போது கடைத்தெருவுக்கு நடுவே நிற்கிறது. அடியில் பேட்டரி ரிக்‌ஷாவும் ஸ்கூட்டரும் முட்டிக்கொள்கின்றன. வளையல் கடை, துணிக்கடை, செருப்புக் கடை. 1996 ஏப்ரல் 6 அன்று கிராமத்து ஆட்கள் இங்கே வந்து உட்கார்ந்தார்கள். நாற்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள். கூலி உயர்வு கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கேட்டார்கள். தங்கள் பஞ்சாயத்தில் நடந்த வேலைகளின் பற்றுச்சீட்டுகள், வேலையாட்கள் வருகைப் பதிவேடு இவற்றின் நகலைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்கு முந்தைய ஆண்டே அன்றைய முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் இதற்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு வாக்காகவே நின்றது.

வாசலுக்கு எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு அது நன்றாக நினைவிருந்தது. அப்போது பையன். “மண்டிக்காரர்கள் தினமும் காய்கறி கொடுத்து அனுப்புவார்கள், நான்தான் கூடையைச் சுமந்து வருவேன்” என்றார். எதற்காக உட்கார்ந்தார்கள் தெரியுமா என்று கேட்டேன். “ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்” என்று அந்தக் காலத்து ராகத்திலேயே சொன்னார். நம்ம பணம், நம்ம கணக்கு.

அவர் கடைக்கு இருபுறமும் நான்கு பலகைகள் எண்ணினேன். நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே எழுத்து: ஈ-மித்ரா, ஆதார், பான், ஜெராக்ஸ்.

இந்த நாற்பது நாளுக்கும் நமக்கும் ஓர் ஒட்டுறவு உண்டு. அந்தக் கூட்டத்தை நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான அருணா ராய் 1946-இல் சென்னையில் பிறந்தவர், கலாக்ஷேத்ராவில் படித்தவர். 1968-இல் ஐ.ஏ.எஸ். ஆகி, எழுபதுகளின் நடுவில் அதை விட்டு ராஜஸ்தான் கிராமங்களுக்கு வந்துவிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் தகவல் உரிமைக்கென்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், அந்தச் சட்டத்தைப் படிக்காத வரை. கொடுக்க வேண்டிய தகவலைவிடக் கொடுக்கத் தேவையில்லாதவற்றின் பட்டியல் அதில் நீளம். ராஜஸ்தான் 2000-இல் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது.

பியாவரிலிருந்து பீம் ஒன்றரை மணி நேரம். ஆரவல்லி மலை என்றால் நம் மேற்குத் தொடர்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. இது கிழட்டு மலை. எலும்பு தெரிகிறது. கருவேல், கள்ளி, சீதாப்பழச் செடி, நடுநடுவே பச்சையாக ஒரு துண்டுக் கடுகு வயல். கல் உடைக்கும் பட்டறைகளைக் கடந்தபோது ஜன்னல் கண்ணாடியை எல்லோரும் ஒரே நேரத்தில் மூடினார்கள். பழக்கம்.

பீமில் எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். ஊர் முழுக்க அவரை ‘மாட்சாப்’ என்றே கூப்பிடுகிறது. மாஸ்டர் சாகேப் என்பது வாய்க்குள் புரண்டு அப்படி ஆகிவிட்டது. என் இந்தியைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார். பிறகு மிக மெதுவாக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பேச ஆரம்பித்தார். இரண்டு நாளும் அப்படியேதான் பேசினார். நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் ஈ-மித்ராவுக்குப் போனோம். நம் ஊர் இ-சேவை மையம் மாதிரி; ஆனால் பெரும்பாலும் தனியார் கடை. ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ரேகை வைக்கும் கருவி, சுவரில் அரசு நிர்ணயித்த கட்டணப் பட்டியல். கட்டணப் பட்டியலின் மேல் காலண்டர் மாட்டியிருந்தது. தற்செயலாகத்தான் இருக்கும்.

முக்காடு மூக்கு வரை இறங்கிய ஒரு பெண் முன்னால் நின்றிருந்தார். கையில் ஜன் ஆதார் அட்டை. ராஜஸ்தானில் குடும்பத்துக்கு ஒரு பத்து இலக்க எண். அரசின் உதவி எதுவானாலும் அந்த எண்ணின் வழியாகத்தான். 2014-இல் பாமாஷா அட்டை என்ற பெயரில் தொடங்கி 2019-இல் ஜன் ஆதார் ஆனது. அதில் குடும்பத் தலைவராகப் பெண்ணைத்தான் போட வேண்டும் என்று விதி. நல்ல விதி. இந்தப் பெண்தான் அவர் வீட்டுக்குத் தலைவர். மகளின் பிறந்த தேதியைத் திருத்த வந்திருந்தார். கடைக்காரப் பையன் தட்டினான். ஓ.டி.பி. போயிற்று. சூரத்துக்கு.

இந்தப் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் சூரத்திலும் அகமதாபாத்திலும் வேலை பார்க்கிறார்கள் என்றார் மாட்சாப். அட்டை பதிவானபோது வீட்டில் இருந்த ஒரே கைபேசி கணவருடையது. அது இப்போது சூரத்தில், அவர் சட்டைப் பையில். கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை, ஷிஃப்டில் இருப்பார். மூன்றாம் முறை எடுத்தபோது எண் காலாவதியாகியிருந்தது. மறுபடி அனுப்பி, மறுபடி கேட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்திச் சொன்ன ஆறு இலக்கத்தில் ஒன்று தவறி, கடைசியில் பையன் “சாயங்காலம் வாருங்கள் மாஜி” என்றான். அட்டையில் தலைவி. சாவி சூரத்தில்.

நான் நகைக்கவில்லை. நம் ஊரிலும் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது 1.06 கோடிப் பெண்களுக்குப் பணம் போயிற்று. கிடைக்காதவர்கள் காரணம் தேடி இ-சேவை வாசலில் நின்றதையும் பார்த்தேன். குறுஞ்செய்தியில் ஒரு வரி வரும். அந்த வரியோடு வாதாட முடியாது. தாசில்தாரோடு வாதாடலாம், கெஞ்சலாம், குறைந்தபட்சம் திட்டிவிட்டு வரலாம்.

கடைத் திரையில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: ‘லாபார்த்தி’. நம் அலுவலகத் தமிழில் பயனாளி. சாங் கேட்டில் ‘நம்ம பணம்’ என்றவர்கள் கணக்குக் கேட்கும் உரிமைக்காரர்களாக அங்கே உட்கார்ந்தார்கள். கணினி அவர்களை வாங்கிக்கொள்பவர்களாகப் பதிந்துவைத்திருக்கிறது. யாரும் சதி செய்து இந்தச் சொல்லை வைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் உறுத்துகிறது.

மறுநாள் காலை நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனோம். இங்கே ‘நரேகா’ என்கிறார்கள்; கிழவிகள் சிலர் இன்னும் பஞ்ச நிவாரண வேலை என்கிறார்கள். மழைநீர் நிற்க ஒரு குட்டை. சுமார் முப்பது பேர், இரண்டு முதியவர்கள் தவிர எல்லோரும் பெண்கள். தலையில் இரும்புச் சட்டி, அதில் மண். மேற்பார்வை பார்ப்பவரை ‘மேட்’ என்கிறார்கள். இங்கே மேட்டும் பெண்தான், இருபத்தைந்து வயதிருக்கும். கையில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து மேட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். சிக்னல் தேடுகிறார்.

2023 ஜனவரி 1 முதல் வருகையைச் செயலியில்தான் பதிய வேண்டும் என்று விதி வந்திருந்தது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். படம் ஏறவில்லை என்றால் அன்றைய வேலை நடக்கவில்லை என்று பொருள், குட்டை எவ்வளவு ஆழமாகியிருந்தாலும். ராஜஸ்தானில் அப்போது ஒரு நாள் கூலி 255 ரூபாய். அதையும் வெட்டிய மண்ணை அளந்து பார்த்துத்தான் தருவார்கள். முன்பெல்லாம் விடியலில் வந்து, கொடுத்த அளவை வெயிலுக்கு முன் வெட்டி முடித்து, வீட்டுக்குப் போய் ஆட்டைப் பார்ப்பார்களாம். இப்போது வேலை முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நான் போனபோது பதினொரு மணிக்குள்ளாகவே பத்துப் பேர் தங்கள் பங்கை முடித்துவிட்டுக் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மண்ணுக்குக் கூலி, படத்துக்கு உட்காருவது இனாம்.

“மோசடியைத் தடுக்கத்தானே?” என்று கேட்டேன். மேட் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னதை மாட்சாப் மெதுவாக்கித் தந்தார்: “வராத ஆளைப் பதிவேட்டில் எழுதுகிறவன், வராத ஆளுக்குப் பதில் யாரையாவது நிறுத்திப் படமும் எடுப்பான். அதைப் பார்த்து ‘இவள் எங்கள் ஊர்க்காரியே இல்லை’ என்று சொல்ல, ஜெய்ப்பூரில் இருக்கிறவனுக்குத் தெரியுமா? இந்த ஊரில் இருக்கிறவளுக்குத்தானே தெரியும்?”

2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து கூலியும் ஆதாரோடு இணைந்த கணக்குக்கு மட்டுமே என்றாகியிருந்தது. வேலை அட்டையில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் சிக்கல். இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தாய் வீட்டில் ஒரு பெயர், புகுந்த வீட்டில் ஒரு பெயர். கணினிக்கு அது தெரியாது. ஒரு மூதாட்டி தன் கதையைச் சொன்னார். 2016-இல் ராஜஸ்தானில் ஓய்வூதியப் பட்டியலைப் புதிய கணினி முறைக்கு மாற்றியபோது பல லட்சம் பேருக்குப் பணம் நின்றது. இறந்துவிட்டதாகப் பதிவானவர்களில் எத்தனையோ பேர் உயிரோடிருந்தார்கள். இவர் அவர்களில் ஒருவர். “செத்தது எப்போது என்றுகூட எழுதியிருந்தான். அன்றைக்கு நான் என் பேரன் கல்யாணத்தில் லாப்சி தின்றுகொண்டிருந்தேன்” என்றார். நிழலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பலமுறை சொல்லிய கதை போலிருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பீமுக்குப் பக்கத்தில்தான் தேவ்டூங்ரி. 1987-இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங்கின் குடும்பம் என எல்லோருமாக வந்து ஒரு மண் வீட்டில் குடியேறிய இடம். 1990 மே தினத்தன்று பீமில் சங்கடனைத் தொடங்கினார்கள். நான்காண்டு கழித்து, 1994 டிசம்பர் 2 அன்று, பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் ஒரு கூட்டம் போட்டார்கள். பந்தல், ஒலிபெருக்கி. எப்படியோ கைக்கு வந்த பஞ்சாயத்து ஆவணங்களை எடுத்து, ஒவ்வொரு வேலையாக, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார்கள். அவ்வளவுதான். அதைத்தான் ‘ஜன் சுன்வாய்’ என்கிறார்கள், மக்கள் முன் விசாரணை. இன்னாருக்கு இத்தனை நாள் கூலி என்று வாசித்ததும் கூட்டத்தில் அந்த ஆளே எழுந்து, “நான் அந்த வேலைக்கே போகவில்லையே” என்பார். பிறகு பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என்று அடுத்தடுத்து நான்கு ஊர்களில் நடந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஊரில் ஆவணத்தை ஆயுதமாக்கியது அந்த வாசிப்புதான். நகல் கையில் வருவது பாதி. யாராவது உரக்கப் படிக்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு அந்தப் பெயர்க்காரர்களைத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியை எந்த மென்பொருளும் இன்னும் எழுதவில்லை என்பது என் எண்ணம்.

அதற்காக மென்பொருளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் மனுப் போடாமலேயே அரசு தானாக விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. எல்லா அரசுகளும் தூங்கவிட்ட பிரிவு அது. ராஜஸ்தான் அரசு சங்கடன் போன்ற அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி, 2019 செப்டம்பர் 13 அன்று ஜன் சூசனா என்ற தளத்தைத் திறந்தது. 13 துறைகளின் 23 திட்டங்களோடு தொடக்கம், பிறகு வளர்ந்தது. கடவுச்சொல் இல்லை, ஓ.டி.பி. இல்லை. மாவட்டம், ஒன்றியம், பஞ்சாயத்து என்று இறங்கினால், எந்த ரேஷன் கடையில் யார் எவ்வளவு கோதுமை வாங்கினார், யாருக்கு ஓய்வூதியம் ஏன் நின்றது, எந்தக் குட்டைக்கு எவ்வளவு செலவு என்று வரும். சாங் கேட்டில் நாற்பது நாள் உட்கார்ந்து கேட்டது ஒரு நிமிடத்தில் வருகிறது. வியக்காமல் இருக்க முடியவில்லை.

பஞ்சாயத்துச் சேவை மையத்தில் மாட்சாப் அதை எனக்குத் திறந்து காட்டினார். (இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்று. ராஜீவ் காந்தி சேவா கேந்திரம் என்று கட்டினார்கள். ஆட்சி மாறி அடல் சேவா கேந்திரம் ஆயிற்று. மறுபடி மாறி மறுபடி ராஜீவ் காந்தி. நான் போவதற்கு முந்தைய மாதம் இன்னொரு தடவை ஆட்சி மாறியிருந்தது. “பெயிண்டருக்கு வேலை வரும்” என்றார் மாட்சாப்.) அங்கே ஒரு கல்தச்சர் காத்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினார். கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ்.

இந்த நோய்க்கு ராஜஸ்தான் 2019 அக்டோபரில் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. சான்று கிடைத்ததும் நோயாளிக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம். விண்ணப்பம் முதல் எக்ஸ்ரே, மருத்துவர் முடிவு, பணம் வரை எல்லாமே கணினி வழி. முன்பு கோப்பு மேசைக்கு மேசை நகரும். சான்று வந்து சேரும்போது அதை வாங்க வேண்டியவர் மாலை போட்ட படமாகியிருப்பார். இவருடைய விண்ணப்பம் எந்தப் படியில் நிற்கிறது என்பது திரையில் தெரிந்தது. இரண்டு வாரமாக ஒரு மருத்துவமனையில். மாட்சாப் அதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். “இந்தத் தேதியைச் சொல்லிக் கேள். ‘என் காகிதம் என்ன ஆயிற்று’ என்று கேட்காதே” என்றார். அவர் தாளை நான்காக மடித்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். தேதியோடு போகிற ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புவது கொஞ்சம் கடினம்.

என் மனத்தில் ஒரு முள் இருந்தது, கேட்டேன்: “ஒருவர் நோயாளி என்பது ஊருக்கெல்லாம் தெரியலாமா?” மாட்சாப் உடனே பதில் சொல்லவில்லை. “நோய் தெரிய வேண்டாம். பணம் போனது தெரிய வேண்டும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று படித்தவர்கள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார். 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிக்கும் வேலையைச் செய்யவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில், தனிப்பட்ட தகவலானாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்த விலக்குப் பிரிவிலேயே இருந்த வாசகத்தை எடுத்துவிட அது வழி செய்தது. பெயரே தனிப்பட்ட தகவல் என்றாகிவிட்டால் வருகைப் பதிவேட்டில் மிஞ்சுவது எண்கள். எண்ணை வாசித்தால் கூட்டத்தில் யார் எழுந்து நிற்பார்? அரசு நம் ரேகையையும் முகத்தையும் கேட்டு வாங்கும்போது வராத இந்தக் கூச்சம், நாம் அதன் பதிவேட்டைக் கேட்கும்போது மட்டும் வருவதை நான் நம்பவில்லை.

கிளம்பும்போது கட்டடத்தின் வெளிச்சுவரைக் காட்டினார். மஞ்சள் வண்ணமடித்து, கறுப்பு எழுத்தில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது: வேலையின் பெயர், தொகை, பொருள் செலவு, கூலிச் செலவு. பக்கத்துச் சுவரில் வேலை அட்டைக்காரர்களின் பெயரும் அந்த ஆண்டு அவர்கள் பார்த்த நாட்களும். ஓரிடத்தில் ஒரு பெயருக்கு எதிரே யாரோ கரியால் ஒரு எண்ணை அடித்து வேறு எண் எழுதியிருந்தார்கள். திருத்தம் சரியா தவறா, தெரியாது. மாட்டைக் கட்டுகிறவரும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் தினம் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

அன்றிரவு பியாவரில் ஒரு லாட்ஜ் அறையில் தில்பட்டியைக் கடித்துக்கொண்டு, நூறு நாள் வேலைக்கான மத்திய அரசுத் தளத்தைக் கைபேசியில் திறந்தேன். தமிழ்நாடு, திருவண்ணாமலை மாவட்டம், எங்கள் ஒன்றியம், எங்கள் ஊராட்சி. இத்தனை ஆண்டுகளில் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும், பார்த்ததில்லை. நான்கு முறை பக்கம் அறுந்தது. ஐந்தாம் முறை பெயர்கள் வந்தன. மேலிருந்து மூன்றாவது எங்கள் சித்தி. ஐந்து நாள்.

ஊருக்குப் போன் போட்டேன். “சித்தி, பொங்கலுக்கு அடுத்த வாரம் ஏரி வேலைக்கு எத்தனை நாள் போன?”

“ஆறு நாளும் போனேன்டா. ஏன் கேக்கற?”

“அஞ்சுன்னு போட்டிருக்குது.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அந்த வியாழக்கிழமை டவர் கிடைக்கலன்னு பொறுப்பாளர் பொண்ணு சொல்லிச்சு. அதுவா இருக்குமா? சரி, வேற யார் யாருக்கு எத்தனை போட்டிருக்குது? இரு, பக்கத்து வூட்டுக்காரிங்கள கூப்பிடறேன். ஸ்பீக்கர்ல போடறேன், பேரெல்லாம் சத்தமா படி.”

அந்தப் பட்டியலில் நாற்பத்தொரு பெயர். படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.